முன்னாள் எம்.பி. முதலாளி ஆனால்: தொகையை விட்டுத் திகதியைப் பாருங்கள்

போன மாதம் கல்லடியில் தலைமயிர் வெட்டப் போனபோது, சலூன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்ட் செருகியிருந்தது. பெயரை விடுவோம். பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் 'பாராளுமன்ற உறுப்பினர்'. அதற்கு முன்னால், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற அளவில், 'முன்னாள்'. அதற்கும் கீழே 'முகாமைப் பணிப்பாளர்', ஒரு கம்பனிப் பெயர், மூன்று டெலிபோன் நம்பர்.

"எல்லாம் எங்கட காசு" என்றார் கத்தரிக்கோல் பிடித்திருந்த அண்ணன்.

பின்னால் வாங்கில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாமா தலையைத் தூக்கினார். "சும்மா கதையாத தம்பி. தோத்த மனிசன் மறுகா என்ன செய்யிற? சட்டியத் தூக்கிக்கொண்டு தெருவில நிக்கிறதா? உழைச்சுத் தின்னட்டும்."

இந்த இரண்டு கதையையும் கல்முனைச் சந்தையில் கேட்கலாம், வாழைச்சேனை பஸ்ஸிலும் கேட்கலாம். ஒருவர் கள்ளன் என்பார், மற்றவர் பாவம் என்பார். இரண்டு பேரும் ஆளைப் பற்றியும் காசின் அளவைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நான் கம்பனிகளுக்குக் கணக்கெழுதிச் சாப்பிடுகிறவன். என் தொழிலில் தொகையை எப்படியும் அழகாக எழுதி வைக்கலாம். திகதிதான் அவ்வளவு சுலபமாக வளையாது. பதவியில் இருந்தவர் வியாபாரத்துக்குள் போவது எப்படி நடக்கிறது, அதில் எங்கே பிழை, எங்கே பிழையே இல்லை என்பதைத் திகதியைப் பிடித்துக்கொண்டு விளங்கப்படுத்திப் பார்க்கிறேன்.

எம்.பி. வேலை நிரந்தர உத்தியோகம் இல்லை

மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 5 ஆசனம். அம்பாறைக்கு, அதாவது தேர்தல் வரைபடத்தில் திகாமடுல்ல என்று இருக்கிற மாவட்டத்துக்கு, 7. ஒரு கட்சி தன் பட்டியலில் ஆசன எண்ணிக்கையைவிட மூன்று பேரைக் கூடப் போட வேண்டும். ஆகவே மட்டக்களப்பில் ஒரு பட்டியலில் 8 பேர், அம்பாறையில் 10 பேர். கட்சி வென்றால் மட்டும் போதாது, பட்டியலில் யார் உள்ளே போவது என்று முடிவு செய்கிற விருப்பு வாக்கில் சொந்தப் பட்டியலில் இருக்கிற மற்ற ஏழு பேரோடும் போட்டி போட வேண்டும். எதிர்க்கட்சிக்காரனைவிடப் பக்கத்துக் கதிரைக்காரனுக்குப் பயந்து தூக்கமில்லாமல் திரிகிற வேட்பாளர்கள் இதனால்தான்.

சம்பளம்? எம்.பி.யின் மாதாந்தப் படி என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் தொகை 54,285 ரூபாய். ஐந்து வருடம் ஒரு சதமும் செலவழிக்காமல் அப்படியே வைத்தாலும் 32,57,100 ரூபாய்தான் சேரும். அமர்வுப்படி, எரிபொருள், அலுவலகச் செலவு என்று வேறு கொடுப்பனவுகள் உண்டு, தீர்வையற்ற வாகன அனுமதியும் நீண்ட காலம் இருந்தது. எப்படிக் கூட்டினாலும் அடிப்படைப் படியை வைத்துப் பாசிக்குடாவில் ஹோட்டல் கட்ட முடியாது. "எம்.பி. சம்பளத்தில் கோடீஸ்வரனானார்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கணக்கு வராது என்று அர்த்தம். காசு வந்திருந்தால் வேறு வழியாக வந்திருக்க வேண்டும். அந்த வேறு வழி களவாகவும் இருக்கலாம், வாப்பாவின் அரிசி ஆலையாகவும் இருக்கலாம்.

ஓய்வூதியத்தைப் பற்றியும் ஒரு பிழையான கதை ஓடுகிறது. ஒரு நாள் எம்.பி.யாக இருந்தாலும் சாகும்வரை பென்ஷன் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஓய்வூதியத்துக்கு ஐந்து வருட சேவையைக் கேட்டது. 2020 ஆகஸ்ட் 20 கூடிய பாராளுமன்றம் 2024 செப்டம்பர் 24 கலைக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: நாலு வருடமும் ஒரு மாதமும். 2020இல் முதல் தடவையாக உள்ளே போய் 2024 நவம்பரில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்த ஐந்து வருடம் நிரம்பவில்லை. அந்த ஓய்வூதியத்தையே இல்லாமல் ஆக்குவோம் என்பது அதற்குப் பிறகு வந்த அரசாங்கத்தின் வாக்குறுதி.

இதற்கு மேலே தேர்தல் கடன். போஸ்டர், வாகனம், ஆட்கள், சாப்பாடு. செலவுக்கு வரம்பு போட்டு, கணக்கையும் காட்டச் சொல்லிச் சட்டம் வந்ததே 2023இல்தான். அதற்கு முன்பு யார் யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார் என்பது அவரவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

சுருக்கமாக இதுவரை: வேலை நிச்சயமில்லை, சட்டப்படியான வருமானம் பெரிதில்லை, வெளியே வரும்போது கடன் இருக்கும். ஆகவே முன்னாள் எம்.பி. வியாபாரத்துக்குள் போவது அதிசயமும் இல்லை, அதுவாகவே குற்றமும் இல்லை. மாமா சொன்னதில் இந்தளவுக்கு நியாயம் இருக்கிறது.

கதவு இரண்டு பக்கமும் சுற்றும்

கொழும்பில் பெரிய ஹோட்டல்களின் வாசலில் சுற்றுகிற கண்ணாடிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கதவு, ஒருவர் உள்ளே போகும்போதே இன்னொருவர் வெளியே வருகிறார். பதவிக்கும் வியாபாரத்துக்கும் இடையில் ஆட்கள் இப்படி மாறி மாறிப் போய்வருவதைச் சுழற்கதவு என்று சொல்வார்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கதவு முதலில் வியாபாரத்திலிருந்து பதவிக்குத்தான் சுற்றியது. 1931இல் நாட்டின் முதலாவது அரசாங்க சபைக்கு மட்டக்களப்பு தெற்குத் தொகுதியிலிருந்து போனவர் மாக்கான் மாக்கார். இந்த ஊர்க்காரர் இல்லை, காலியிலிருந்து வந்த இரத்தினக்கல் வியாபாரக் குடும்பம். வந்த வேகத்தில் போக்குவரத்து, வேலைகள் அமைச்சராகவும் ஆனார். தெருவுக்கும் பாலத்துக்கும் பொறுப்பான அமைச்சு வியாபாரியின் கையில் என்று அன்றைக்கும் யாராவது ஒரு சலூனில் முணுமுணுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவருடைய விஷயத்தில் சொத்து முதலில் வந்தது, பதவி பிறகு. இந்த ஒழுங்கை மனதில் வைத்திருங்கள். வியாபாரி எம்.பி. ஆனால் "முன்பு என்ன இருந்தது" என்று தெரியும், பதவிக் காலத்தில் கூடியதையும் குறைந்ததையும் அதோடு ஒப்பிடலாம். எம்.பி. வியாபாரி ஆகும்போது அந்த முதல் அளவுகோல் பெரும்பாலும் நம் கையில் இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

வட்டவிதானை குத்தகை எடுத்த வயல்

வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உன்னிச்சையோ நவகிரியோ, ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிற வயல்வெளிக்கு வட்டவிதானை என்று ஒருவர் இருப்பார். வாய்க்காலில் தண்ணீர் எந்த நாள் யாருக்கு, எந்தக் கட்டை முதலில் திறப்பது, யார் வரம்பை வெட்டிக் களவாகத் தண்ணீர் எடுத்தான் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. போகம் தொடங்குமுன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளின் குரலாகப் பேசுகிறவரும் அவர்தான். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எந்தக் கண்டத்துக்கு, அதாவது எந்த வயற்பகுதிக்கு, கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டி வரும்.

இப்போது ஒரு வட்டவிதானையைக் கற்பனை செய்வோம். அவருடைய கண்டத்தில் கடைசி வயல்கள் எப்போதும் காய்கிற வயல்கள். குத்தகைக்கு எடுக்க ஆளில்லை, விலை மலிவு. வாய்க்காலைக் கடைசி வரைக்கும் கொங்கிறீட் போடலாம் என்று நீர்ப்பாசன அலுவலகத்தில் பேச்சு வருகிறது. விதானை அதற்காக ஓடித்திரிந்து ஒப்புதல் வாங்கிக் கொடுக்கிறார். வேலை தொடங்க ஒரு வருடம் இருக்கும்போது பதவியை விடுகிறார். விட்ட கையோடு அந்தக் காய்ந்த வயலில் பதினைந்து ஏக்கரைப் பழைய விலைக்குப் பத்து வருடக் குத்தகைக்கு எழுதிக்கொள்கிறார்.

அவர் யாருடைய காசையும் எடுத்தாரா? இல்லை. வாய்க்கால் கட்டினது ஊருக்கு நல்லதா? நல்லதுதான். குத்தகை எழுதும்போது விதானையாக இருந்தாரா? அதுவும் இல்லை. ஆனாலும் கேட்கும்போது நெஞ்சுக்குள் எங்கேயோ நெருடுகிறது, இல்லையா?

நெருடுகிறதற்குக் காரணம் உண்டு. ஊருக்காக முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு அந்த முடிவிலேயே சொந்த ஆதாயமும் இருந்தால், அதற்குப் பெயர் நலன் முரண்பாடு. முடிவு நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. எடுத்தவரின் தலைக்குள் இரண்டு தராசு இருந்தது என்பதுதான் பிரச்சினை. ஊரைப் பார்த்துத்தான் வாய்க்கால் கேட்டாரா, பதினைந்து ஏக்கரைப் பார்த்துக் கேட்டாரா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வேறொரு கண்டத்துக்கு அந்த வாய்க்கால் இன்னும் கூடத் தேவையாக இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலஞ்சத்தில் கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள். இன்றைய விதானை நாளைய குத்தகைக்காரனுக்கு உதவி செய்திருக்கிறார். இடையில் இருக்கிறது காலம் மட்டும்தான்.

இதுவரை: நலன் முரண்பாடு என்றால் களவு என்று அர்த்தமில்லை, களவா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத நிலை என்று அர்த்தம். பதவிக்கும் ஆதாயத்துக்கும் இடையில் காலத்தைச் செருகினால் அது இன்னும் மங்கிப்போகும்.

பதவியிலிருந்து எதைக் கொண்டு போகிறார்?

வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், விடுதியைக் காலி செய்யலாம். டெலிபோனில் இருக்கிற நம்பர்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எந்தப் பிரிவில் யாரைப் பிடித்தால் கோப்பு நகரும், எந்தப் பொறியியலாளர் எந்த ஊரில் பெண் எடுத்தவர், யாருடைய இடமாற்றத்தை ஒரு காலத்தில் தான் நிறுத்திக் கொடுத்தோம் என்பதெல்லாம் முதல் போடாத முதல். நமக்கு "நாளைக்கு வாங்க" என்கிற அதே மேசை அவருக்குக் கதிரை இழுத்துப் போடும். இதில் சட்டவிரோதம் என்று எதையும் விரல் வைத்துக் காட்ட முடியாது. மரியாதைக்கு வழக்குப் போட முடியாதே.

அதைவிடப் பெறுமதியானது தகவல். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று கச்சேரியில் கூடும். எந்தத் தெரு அடுத்த வருடம் கார்பெட் ஆகும், எந்த ஆற்றங்கரையில் மணல் அனுமதிக்கு எதிர்ப்பு வந்தது, எந்த அரச காணி சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். தலைமை தாங்குகிறவர்கள் அரசியல்வாதிகள். அந்தக் கூட்டங்களில் நாலைந்து வருடம் இருந்த ஆளின் தலைக்குள் மாவட்டத்தின் அடுத்த பத்து வருட வரைபடமே இருக்கும். தெரு வரப்போவது தெரியாமல் வயல் விற்கிறவனுக்கும் தெரிந்து வாங்குகிறவனுக்கும் நடுவில் இருக்கிற விலை வித்தியாசம்தான் அந்தத் தகவலின் விலை.

மூன்றாவதை விதை என்று சொல்லலாம். பதவியில் இருக்கும்போது எடுத்த முடிவு, பதவி போன பிறகு காய்க்கிறது. இதை விளங்க அனுமதிப்பத்திரத்தையும் டென்டர் என்கிற கேள்விப்பத்திரத்தையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

செங்கலடி, கிரான் பக்கம் மணல் ஏற்றிப் போகும் டிப்பர்களைக் கண்டிருப்பீர்கள். ஆற்றில் மணல் இலவசம். அதை அள்ள 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிக்கொண்டு போக வேறொரு பத்திரம். மணலின் விலையில் பெரிய பங்கு உண்மையில் அந்தத் தாளின் விலை. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால்தான் அதற்குப் பெறுமதி. சாராயக் கடை அனுமதியும் அப்படித்தான். 2024 டிசம்பரில் புதிய மதுபான அனுமதிகளின் பட்டியல் மாவட்ட வாரியாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. தாளைக் கொடுக்கிறது அதிகாரி. ஆனால் "பார்த்துச் செய்யுங்க" என்று ஒரு குரல் டெலிபோனில் வந்திருந்தால் அது எந்தக் கோப்பிலும் இருக்காது.

கேள்விப்பத்திரத்தின் சூட்சுமம் இன்னும் நுட்பமானது. அரசாங்கம் ஒரு வேலையைச் செய்விக்க விலை கேட்டு விளம்பரம் போடும், குறைந்த விலை போட்டவருக்கு வேலை போகும் என்பதுதான் நமக்குத் தெரிந்தது. விலைக்கு முன்னால் தகுதி நிபந்தனை என்று ஒரு பக்கம் இருக்கிறது. இன்ன தரத்தில் பதிந்த கொந்தராத்துக்காரராக இருக்க வேண்டும், இத்தனை வருட அனுபவம் வேண்டும், இன்ன இயந்திரம் சொந்தமாக வேண்டும், வேலைத்தளத்திலிருந்து இத்தனை கிலோமீற்றருக்குள் கல் முற்றம் வேண்டும். நிபந்தனை இல்லாமல் முடியாது, இல்லாவிட்டால் ஒரு பெக்கோகூட இல்லாதவன் பாலம் கட்ட வந்துவிடுவான். ஆனால் தையல்காரன் ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு "யார் வேணுமெண்டாலும் போடலாம்" என்று தொங்கவிடுகிற மாதிரி நிபந்தனையும் எழுதலாம். போட்டுப் பார்க்கிற எல்லோருக்கும் இறுக்கும், ஒருவருக்கு மட்டும் கச்சிதமாக இருக்கும். விலை திறக்கிற நாளில் எல்லாம் சட்டப்படி, எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். பிழை நடந்திருந்தால் அது நிபந்தனை எழுதிய நாளில் நடந்திருக்கும். அந்த நாள் இரண்டு வருடம் முந்தியதாக இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பேச்சு வழி தவறுகிறது. ஹோட்டல் திறக்கிற நாளில் போய் நின்று "இவ்வளவு காசு எங்கிருந்து?" என்று கேட்கிறோம். வங்கிக் கடன் என்று ஒரு தாளைக் காட்டுவார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

சட்டத்தின் கண் எங்கே பார்க்கிறது?

அரசியலமைப்பின் 91ஆவது உறுப்புரையில், பாராளுமன்றத்தில் இருக்கத் தகுதியற்றவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அரசோடு அல்லது அரச கூட்டுத்தாபனத்தோடு செய்த, சட்டம் குறித்துரைக்கிற வகை ஒப்பந்தத்தில் நலன் உள்ளவரும் அந்தப் பட்டியலில் வருகிறார். பலர் இதை "எம்.பி. வியாபாரமே செய்யக்கூடாது" என்று விளங்கிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எம்.பி.க்குப் புடவைக் கடை இருக்கலாம், ஆலை இருக்கலாம், அரசாங்கத்தோடு அந்த வகைக் கொந்தராத்துத்தான் இருக்கக்கூடாது. சபையில் இருக்கிற ஆளைத்தான் இந்த உறுப்புரை பிடிக்கும். தோற்ற மறுநாள் அதே ஆள் டென்டர் போட்டால் அதன் கை எட்டாது.

இரண்டாவது, சொத்துகள், பொறுப்புகள் பிரகடனம். என்னிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று பதவியில் இருப்பவர் எழுதிக் கொடுக்கும் தாள். 1975இலிருந்து இதற்குச் சட்டம் இருந்தது, ஆனால் தாள்கள் அலுமாரியில் தூங்கின. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பொதுமக்களும் பார்க்கக்கூடியதாக ஆயிற்று. நலன் முரண்பாட்டையும் அதே சட்டம் குற்றமாகத் தொட்டிருக்கிறது. மாக்கான் மாக்கார் விஷயத்தில் சொன்னேனே, "முன்பு என்ன இருந்தது" என்கிற அளவுகோல், அதற்கு இந்தத் தாள்தான் இனி நம் கையில் இருக்கிற ஆதாரம்.

பதவி முடிந்த பிறகு? இதற்கு உலகத்தில் ஒரு மருந்து உண்டு: பதவியை விட்டவர் சில காலம் தன் பழைய அதிகாரத்தோடு சம்பந்தப்பட்ட தொழிலைத் தொடக்கூடாது என்ற விதி. அதை இடைவெளிக் காலம் என்று வைத்துக்கொள்வோம். சூட்டில் இறக்கிய சோற்றைக் கொஞ்சம் ஆறவிட்டுப் போடுகிற மாதிரி. டெலிபோன் நம்பர்கள் பழசாகும், தகவல் ஊருக்கெல்லாம் தெரியவரும், அதிகாரிகள் மாறுவார்கள். இலங்கை 2004இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் ஊழலுக்கு எதிரான சமவாயத்தின் 12ஆவது உறுப்புரையிலும் இந்த யோசனை எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் பதவி விட்ட செனட்டர் இரண்டு வருடத்துக்கும், கீழ்ச்சபை உறுப்பினர் ஒரு வருடத்துக்கும் தன் பழைய சகாக்களிடம் கம்பனிகளுக்காகப் பேசப் போகக்கூடாது. அங்கே பில்லி டோசின் என்று ஒரு கீழ்ச்சபை உறுப்பினர் இருந்தார். முதியோருக்கு மருந்துச் செலவு கொடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்ததில் முன்னுக்கு நின்றவர். 2005இல் மருந்துக் கம்பனிகளின் சங்கத்துக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். நம் வட்டவிதானை ஞாபகம் வருகிறதா?

இடைவெளிக் காலமும் சர்வரோக நிவாரணி இல்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கெமரன் 2016 ஜூலையில் பதவி விட்டார். அங்கே இரண்டு வருடக் கண்காணிப்பு. 2018 ஆகஸ்டில், அதாவது இரண்டு வருடம் கழிந்த கையோடு, கிரீன்சில் என்ற நிதிக் கம்பனிக்கு ஆலோசகரானார். 2020இல் கொரோனாக் காலத்தில் அந்தக் கம்பனிக்கு அரச உதவி கேட்டு நிதியமைச்சருக்கே குறுஞ்செய்தி அனுப்பினார். 2021 மார்ச்சில் கம்பனி விழுந்தது. விசாரித்த பாராளுமன்றக் குழு, விதி எதையும் அவர் மீறவில்லை, புத்திதான் பிசகியது என்கிற மாதிரி எழுதி முடித்தது. ஆறவிட்ட சோறும் சோறுதான்.

இதுவரை: சட்டம் பதவியில் இருக்கிற ஆளை நன்றாகப் பார்க்கிறது, பதவி விட்ட ஆளை மங்கலாகப் பார்க்கிறது. மீதியைப் பார்க்க வேண்டியது ஊர்.

யாருடைய பேரில்?

இதை நீட்டத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். காணி மச்சானுடைய பேரில், டிப்பர் டிரைவருடைய பேரில், கம்பனி மருமகனுடைய பேரில். தாளில் ஒருவர், இலாபத்தைச் சாப்பிடுகிறவர் வேறொருவர். அந்த இரண்டாவது ஆளைச் சட்டத்தில் நன்மைபெறும் உரிமையாளர் என்பார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிந்த கம்பனியின் பணிப்பாளர் யார், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாளரிடம் இருக்கும். கட்டணம் கட்டினால் பிரதி எடுக்கலாம். பங்குக்குப் பின்னால் இருக்கிற ஆளையும் சொல்ல வேண்டும் என்று 2025இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. என் அனுபவத்தில் பேரை மாற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தில் கோட்டை விடுவார்கள்: பேர் மாற்றுவதும் ஒரு படிவம், அந்தப் படிவத்திலும் திகதி இருக்கிறது.

இரண்டு நிரல் போதும்

ஒரு கொப்பித் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பதவித் திகதிகள்: தெரிவானது, குழுக்களுக்குத் தலைமை தாங்கியது, எந்த வேலைக்கு எப்போது சிபாரிசு செய்தார், எப்போது தோற்றார். வலது பக்கம் வியாபாரத் திகதிகள்: கம்பனி பதிந்தது, காணி எழுதியது, அனுமதிப்பத்திரம் விண்ணப்பித்தது, முதலாவது டென்டர்.

கற்பனைக்கு ஒருவரை எடுப்போம். 2015 ஆகஸ்டில் தெரிவாகிறார். 2018 மேயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவுக்குச் சிபாரிசு. 2018 நவம்பரில் அந்தத் தெருவோரத்தில் மச்சானின் பேரில் நாலு ஏக்கர். 2019இல் மணல் அனுமதிக்கு மருமகனின் விண்ணப்பம். 2020 ஆகஸ்டில் தோல்வி. 2021 ஜனவரியில் அதே நாலு ஏக்கரில் கொங்கிறீட் கல் அடிக்கும் முற்றம், மார்ச்சில் தெரு வேலை தொடக்கம், கல் போனது அந்த முற்றத்திலிருந்து. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒரு பொலிஸ்காரரும் கைவைக்க மாட்டார். பக்கம் பக்கமாக வைத்தால் கேட்பதற்குக் கேள்வி வந்துவிடுகிறது.

இந்தத் திகதிகளை எங்கே எடுப்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும், அதற்கு மேல் மேன்முறையீடு. கேட்கிற விதத்தில்தான் காரியம் இருக்கிறது. "இந்த எம்.பி. செய்த ஊழல்களின் விபரம் தருக" என்று ஒருவர் எழுதினார், வெறும் கையோடு வந்தார். அப்படி ஒரு கோப்பு எந்த அலுவலகத்திலும் இருக்காதே. "இன்ன வீதிக்கான முன்மொழிவு கிடைத்த திகதி, கேள்விப்பத்திரம் கோரிய திகதி, தகுதி நிபந்தனைகளின் பிரதி" என்று கேட்டால் அது கோப்பில் இருக்கிற தாள். மறைக்கிறது கஷ்டம்.

கச்சேரித் தாள்களைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முன்மொழிவுக் கடிதத்தின் திகதியும் அது அலுவலகத்தில் முத்திரை குத்தப்பட்ட திகதியும் வேறு வேறாக இருக்கும். கடிதத்தில் எவரும் எந்தத் திகதியும் அடிக்கலாம். நீல மையில் சரிந்து விழுந்திருக்கிற அந்த வட்ட முத்திரையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு நிரலையும் எழுதிப் பார்த்தால் சில சமயம் ஒன்றுமே வராது, அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கம்பனி 1998இல் பதிந்தது, தகப்பனார் தொடங்கியது. பதவிக் காலத்தில் அரச வேலை ஒன்றும் எடுக்கவில்லை. தோற்று மூன்று வருடம் கழித்து, பாங்குக் கடனில் ஒரு ஹாட்வெயார் கடை. சிபாரிசு செய்த தெரு ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்படியென்றால் விசிட்டிங் கார்டில் 'முன்னாள்' எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, போய்ச் சீமெந்து வாங்கலாம். விலை கூடச் சொன்னால் அடுத்த கடை.